சரக், சரக், டொக்

— நான் நின்னுட்டேன். ஆனா என் செருப்பு உன் ரூமுக்குள்ள இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. அது எப்படின்னு கேக்கத்தான் வந்தேன்.

— கதவைத் தட்டிட்டு வந்திருக்கலாமே அத்தை.

— முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவ நான். எந்த வகுப்புக் கதவையும் தட்டினதில்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லு. முழு வாக்கியத்துல.

— அது டிரம்ஸ் அத்தை. படத்துக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

— டிரம்ஸ். சரக், சரக், டொக். ரெண்டு இழுவை, ஒரு கம்பு. முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல நான் நடக்குற நடை அது. என் நடை எனக்குத் தெரியாதா? காதுல பூ சுத்தாத.

— அது வந்து அத்தை...

— ‘அது வந்து’ன்னா வாக்கியம் ஆயிடுமா?

— சரி. உங்க நடைதான். உங்களுக்குத் தெரியாம நான்தான் பதிவு பண்ணேன்.

— எங்க வெச்சு?

— ஹால்ல இருக்குற செடித் தொட்டிக்குள்ள ஒரு சின்ன மைக்.

— அந்தச் செடிக்கு நான் தினமும் தண்ணி ஊத்துறேனே.

— தெரியும். இது மூணாவது மைக்.

— அப்ப தரையில கிடந்த விரிப்பு? தூசின்னு சொல்லிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளினியே.

— விரிப்பு சத்தத்தை முழுங்கிடுது அத்தை.

— என் பிறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்த செருப்பு?

— அடிப்பாகம் தோல். இழுக்கும்போது நல்லா கேக்கும். ஆனா ஆசையாத்தான் வாங்கினேன்.

— நல்லா இருக்கு. மருமக என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறான்னு என் தங்கச்சிகிட்ட போன்ல பீத்திக்கிட்டு இருந்தேன். சரி, போகட்டும். எந்தப் பாத்திரத்துக்கு என் நடை?

— ஒரு பெரிய பாத்திரம்.

— கதாநாயகிக்கு அம்மாவா?

— மாமியார்.

— நல்லவளா?

— ரொம்ப ஆழமானவங்க அத்தை. அவங்க இல்லைன்னா கதையே இல்லை.

— பூசி மெழுகாத. போன் அடிக்குது பாரு, யாரு?

— டைரக்டர். அப்புறமா பேசிக்கிறேன்.

— இப்பவே பேசு. ஸ்பீக்கர்ல போடு.

— அத்தை, வேண்டாமே.

— போடுன்னு சொன்னேன்.

— மேடம், வணக்கம். அந்த ராட்சசி வர்ற சத்தம் அனுப்பியிருந்தீங்களே, கேட்டேன். ஒரு மாதிரி, பிசாசே செருப்பு போட்டுக்கிட்டு வர்ற மாதிரி. யாரு மேடம் வாசிச்சது?

— அவங்க ஒரு பெரிய கலைஞர் சார்.

— கிழவி ரெண்டு மருமகளைத் தீர்த்துக் கட்டினவன்னு, மூஞ்சியைக் காட்டுறதுக்கு முன்னாடியே நடையில தெரிஞ்சிடுது மேடம்.

— ரெண்டு பேரையா?

— பக்கத்துல யாரு மேடம் பேசுறது?

— பெரிய கலைஞர்தான் பேசுறேன். நீ மேல சொல்லு தம்பி.

— வணக்கம்ங்க, பிரமாதமா வாசிச்சிருக்கீங்க. மேடம், ஒரே ஒரு சிக்கல். கடைசிக் காட்சியில அவ மாடிப்படி ஏறி வர்றா, பதினாறு படி. நீங்க அனுப்பினது தரையில நடக்குற நடை. படத்தோட சேர்த்துப் பாத்தேன், ஒட்டலை. படி ஏறுற மாதிரி வேணும். நாலு மணிக்குத் தயாரிப்பாளர் வர்றார்.

— நாளைக்குத் தந்துடுறேன் சார்.

— நாளைக்கு இந்த வேலையே உங்ககிட்ட இருக்காது மேடம். அவர்தான் முதல்லயே சொன்னாருல்ல.

— என்ன சொன்னார் தம்பி? முழு வாக்கியத்துல சொல்லு.

— பொம்பளைக்குக் காதல் பாட்டு வரும், தாலாட்டு வரும், ஜனங்களைப் பயமுறுத்துற இசை மட்டும் வரவே வராதுன்னு சொன்னார் டீச்சர். இன்னிக்கு இந்தக் காட்சி சரியா அமையலைன்னா, மேடத்துக்குத் தாலாட்டை மட்டும் விட்டுட்டுப் பின்னணி இசை மொத்தத்தையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னும் சொன்னார் டீச்சர். ஆமா, நான் எதுக்கு உங்களை டீச்சர்னு கூப்பிடுறேன்?

— நிறைய பேருக்கு அப்படித்தான் வரும்ப்பா. போனை வை.

— அத்தை.

— ரெண்டு மருமகளைத் தீர்த்துக் கட்டினவளுக்கா என் நடை? எனக்கு இருக்குறதே ஒரே ஒரு மருமக. அவளையும் நான் இது வரைக்கும் ஒண்ணும் பண்ணலை.

— மன்னிச்சிடுங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நடக்குறதை நிறுத்திடுவீங்களோன்னு பயம்.

— வேற சத்தமே கிடைக்கலையா உனக்கு?

— முதல்ல கதவு கிரீச்சுங்குற சத்தம் போட்டேன். அதைக் கேட்டதும் வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விடணும்னு ஞாபகம் வருதுன்னுட்டார் தயாரிப்பாளர். அப்புறம் வயலினைக் கீச்சு கீச்சுன்னு இழுத்துப் பாத்தேன். யாருக்கோ பல் பிடுங்குறாங்களான்னு கேட்டார். பதிமூணு வருஷம் அடுத்தவங்க மெட்டுக்கு நோட்ஸ் எழுதியே போச்சு அத்தை. இதுதான் என் பேர்ல வர்ற முதல் படம். எல்லாம் அமைஞ்சுது, இந்த வில்லி மட்டும் பிடிபடலை. ஒரு நாள் மத்தியானம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஹால்ல நீங்க நடந்து போனீங்க. முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு.

— தண்ணி குடிக்கப் போயிருப்பேன்.

— ஆமா, தண்ணி குடிக்கத்தான் போனீங்க.

— பயமா இருந்துச்சா?

— இருந்துச்சு.

— எவ்வளவு பயம்? சரியாச் சொல்லு.

— செய்யுற வேலையை அப்படியே விட்டுட்டு, நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சேன்.

— அதான். நான் வராண்டாவுல கால் வெச்சா எட்டு வகுப்பும் அடங்கும். பொம்பளைக்குப் பயமுறுத்த வராதாமே. அந்தாளு என்கிட்ட படிக்கலை, அதான் கோளாறு. டைட்டில்ல என் பேர் போடுவாங்களா?

— இசைன்னு என் பேர். அதுக்குக் கீழ, நடைன்னு உங்க பேர்.

— கீழ எதுக்கு? பக்கத்துல போடு. மைக்கை எடு, உன் ரூமுக்கு வெளியதானே படி இருக்கு, வா.

— வேண்டாம் அத்தை.

— என்ன வேண்டாம்?

— நீங்க படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— அவர் எப்பவோ சொன்னார்.

— எப்பச் சொன்னா என்ன, அந்த முட்டிக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. படம் போனா இன்னொண்ணு வரும். வராட்டாலும் பரவாயில்லை. தாலாட்டு போட்டே பொழைச்சுக்கிறேன்.

— உன் மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே.

— அழுகை வருதுதான். இந்தப் படம் எனக்கு வேணும், ரொம்ப வேணும். அதுக்காக உங்களைப் படியில ஏத்திவிட்டுட்டு நான் கீழ மைக்கோட நிக்கணுமா? அப்புறம் அந்தக் கிழவிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

— கம்பை எடுத்துக்கிட்டு நீயே ஏறேன்.

— ஏறிப் பாத்தாச்சு. நீங்க மத்தியானம் தூங்கும்போது மூணு நாள் ஏறி இறங்கினேன். உங்க செருப்பைக் கூடப் போட்டுக்கிட்டேன். வரலை. நொண்டுறதை நடிக்க முடியாது அத்தை. நிஜமா வலிக்கிற கால், தரையில படுறதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிக்கும். பயமே அந்த யோசனையிலதான் இருக்கு. நடிச்சா அது வராது. காது உடனே கண்டுபிடிச்சிடும்.

— கண்டுபிடிச்சிடுமா?

— என் காதா? அறுபது வயலின்ல ஒரு கம்பி இறங்கியிருந்தா எந்த வரிசையில எத்தனாவது ஆளுன்னு சொல்லுவேன்.

— கெட்டிக்காரிதான். தள்ளு, வழியை விடு.

— கம்பைக் குடுங்க. விளையாடலை அத்தை, குடுங்க. ம், இது என் கையில இருக்குற வரைக்கும் நீங்க ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

— சரி, நீயே வெச்சுக்க.

— கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் உங்க மகன் வந்ததும் நானே சொல்லிடுறேன், படம் கையை விட்டுப் போச்சுன்னு. இப்ப டைரக்டருக்குப் போனைப் போட்டு, என்னால முடியலைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. போனை எங்க வெச்சேன்? இந்தா இருக்கு. நீங்க உக்காருங்க அத்தை, எவ்வளவு நேரம் நிப்பீங்க. அத்தை? எங்க போனீங்க?

— மேல பாரு. பதிமூணாவது படி.

— கம்பு என் கையில இருக்கே.

— அதைத் தூக்கிப் போடச் சொல்லி டாக்டர் சொன்னதே ரெண்டு மாசம் ஆச்சும்மா. அன்னிக்கே போட்டேன், என் நடைச் சத்தம் மாறினதும் உள்ள நீ வாசிக்கிறது நின்னுபோச்சு, அதான் திரும்ப எடுத்துக்கிட்டு நொண்ட ஆரம்பிச்சேன்.