பலகையைப் பழிக்காதீர்

என்னைப் பேச அழைத்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பால் சங்கத் தலைவர் பொங்கியண்ணன் அவர்களே, முன்வரிசையில் முறுக்கு மீசையோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, கறந்த கை காயுமுன் வந்து சேர்ந்த தாய்மார்களே, மீனாட்சிபுரத்து மக்களே, சென்னியப்பனின் வணக்கம்.

சங்கத்துக்குக் கட்டிடம் கட்டுகிறோம். எதற்காக? போன வருஷம் வைகாசிப் பாதியில் பிடித்த எடவப்பாதி மழையில் செல்லாத்தாளின் பாலைத் தண்ணீர்ப் பால் என்று திருப்பி அனுப்பினார்கள். "நான் கலக்கலீங்க, வரிசைல நிக்கறப்ப வானம் கலந்துச்சுங்க" என்றார் அந்த அம்மா. இந்த மழைக்கும் அவர் நனைய வேண்டுமா?

யார் வேலை எதுவரை வந்தது என்று ஊரே பார்க்க நான் ஒரு பலகை வைத்தேன். மூன்று கட்டம்: தொடங்காத வேலை, நடக்கும் வேலை, முடிந்த வேலை. ஆளின் பேரும் வேலையும் எழுதிய தகரச் சீட்டைக் கட்டம் கட்டமாக நகர்த்தி மாட்ட வேண்டும். எளிய பலகை, ஏழைப் பலகை, எவர் கண்ணுக்கும் எட்டும் பலகை. அது தோற்றுவிட்டதாம், கட்டிடத்தை மேற்பார்க்கும் மலையாளத்து ஓவர்சியர் கொண்டுவந்த, வேலைக்கொரு வண்ணக்கோடு போட்ட அட்டவணைக்கு மாற வேண்டுமாம். கேட்கிறேன், தோற்றது பலகையா?

கட்டங்களுக்குத் தலைப்பு எழுதியவர் ஓவர்சியர். கடைசிக் கட்டத்தில் 'கழிஞ்ஞு' என்று எழுதினார். மலையாளத்தில் 'முடிந்தது' என்று பொருள், நல்ல சொல். நம் ஊரிலோ அது வயிற்றோடு சம்பந்தப்பட்ட சொல். அஸ்திவாரம் தோண்டி முடித்த நஞ்சப்பன் தன் சீட்டை அங்கே மாட்டினான். பால் ஊற்ற வந்த சுப்பாத்தாள் அதைப் பார்த்துக் கேட்டார்: "ஏனப்பா நஞ்சப்பா, வவுறு இப்பத் தேவலையா?"

அவ்வளவுதான். நஞ்சப்பன் சீட்டைப் பிடுங்கி நடுக்கட்டத்திலேயே மாட்டிவிட்டான். அப்புறம் ஒருவனும் கடைசிக் கட்டத்தின் பக்கம் போகவில்லை. பலகையைப் பார்த்த கொத்தனார், தோண்டும் வேலை இன்னும் நடக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வேலை முடிந்தது, வெட்கம் முடியவில்லை.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சொல் செய்த குற்றத்துக்குப் பலகைக்கா தண்டனை? வண்ணக்கோடு வரைந்தவர் லீவில் போனால் அதை வாசித்துச் சொல்பவர் யார்? 'முடிஞ்சுது' என்று மாற்றி எழுதுவோம், தீர்ந்தது வழக்கு.

என்ன நஞ்சப்பா? "பேருக்கு நேரா முடிஞ்சுதுன்னு போட்டா, சனம் மாலையோட வந்துருமுங்க" என்கிறாயா? அதுவும் நியாயம்தான்.

அங்கே எழுந்து நிற்பது யார், செல்லாத்தாளா? உரக்கச் சொல்லுங்கள் அம்மா. "சோறு ஆச்சான்னு கேக்கறோமில்லீங்களா? 'ஆச்சு'ன்னு எழுதுங்க."

கேட்டீர்களா தலைவரே? என் சொல்லை விட்டேன், பலகையை விடமாட்டேன். பலகை வேண்டுமென்போர் கை தூக்குங்கள். செல்லாத்தாள் அம்மா இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் நாங்கள்தான் அதிகம். நஞ்சப்பா, சீட்டைக் கடைசிக் கட்டத்தில் மாட்டு. விடிந்ததும் கொத்தனார் பார்க்கட்டும்.

தூக்கிய கைகளுக்கு நன்றி. தூக்காத கைகளுக்கும் வணக்கம். நாளைக்குக் கல் சுமக்க அவையும் வேண்டும்.