ஒன்பது கோலுக்குப் பிறகும்

நாலரை மணிக்கு ஆட்டம் என்றால் நான் இரண்டு மணிக்கே மைதானத்தில் இருப்பேன். கடலூரில் எங்கள் உப்பனாறு கால்பந்துக் கழகத்துக்குக் கோடு போடுகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறேன். என் கோடு வளைந்ததாக எதிரணிக்காரர்கள்கூடச் சொன்னதில்லை.

போன மாசியில் சிதம்பரத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். நாங்கள் ஒன்றும் போடவில்லை. ஏழாவது கோலுக்குப் பிறகு அந்த ஊர்க்காரர் ஒருவர் இரக்கப்பட்டு எங்களுக்கு டீ அனுப்பினார். வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் தடுப்பாட்டக்காரன் சின்னையன் வாயைத் திறந்தான்.

"ஒம்போதுதான மச்சான். பத்து வாங்கியிருந்தாதான் அசிங்கம்."

வேன் குலுங்கச் சிரித்தோம். தோற்ற அணியோடு இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. ஜெயித்தவர்களோடு யார் வேண்டுமானாலும் இருப்பார்கள்.

அருள் பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் கோல்கீப்பர், இருபத்துமூன்று வயது. ஒன்பதை விட்டவன் என்று நினைக்காதீர்கள், அன்று பதினாறைத் தடுத்தவன். சிதம்பரத்துக்காரர்களும் அதைக் கவனித்திருந்தார்கள். மறுவாரமே தங்கள் அணிக்குக் கூப்பிட்டார்கள்.

"சபாபதி மாமா, அங்க நல்ல கோச் இருக்காரு. ஸ்டேட் டீம் வரைக்கும் போலாங்கறாரு. பங்குனி கடைசி மேட்ச் ஆடிட்டுக் கெளம்புறேன்."

என்னிடம்தான் முதலில் சொன்னான். "போய்ட்டு வாடா" என்றேன். எனக்குக் கோபமே இல்லை. நல்ல பையன், ஒரு தோல்வியில் மனம் தடுமாறிவிட்டான். யாராவது பிடித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கோடு போடக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குவோம். சூளையிலிருந்து வந்தபடியே இருந்தால், ஈரம் பட்டதும் கொதித்து வேகும், மேலே பட்டால் பொசுக்கிவிடும். தண்ணீர் தெளித்து நீற்றி, இரண்டு நாள் ஆறவிட்டுச் சலிக்க வேண்டும். இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

அருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையுறை மாட்டும் முன் கோல் கோட்டின் நடுவில் மண்டியிடுவான். இரண்டு கையாலும் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பிறகு சிலுவை போட்டுக்கொள்வான். மண்ணை அவ்வளவு மதித்தவன் எப்படி அதை விட்டுப் போவான்?

பங்குனி கடைசி ஆட்டத்துக்கு எல்லாக் கோட்டையும் ஆறிய சுண்ணாம்பில் போட்டேன். கோல் நடுவில் ஒரு முழத்துக்கு மட்டும் ஆறாததைப் பொடித்துத் தூவினேன். டாஸில் எந்தப் பக்கம் விழுமோ என்று இரண்டு கோலிலும் தூவினேன். எதிரணி கீப்பருக்குக் கோட்டைத் தொடும் பழக்கம் இல்லை, முன்பே விசாரித்துக்கொண்டேன். சம்பந்தமில்லாத ஒருவருக்குத் துன்பம் வரக்கூடாது.

அருள் வந்தான். வெயிலில் நன்றாக வியர்த்திருந்தது. மண்டியிட்டான்.

சுண்ணாம்பு சரியாக ஆறவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். என்னைத் தேற்றினார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று வாரமும் நான்தான் அவன்கூட இருந்தேன். சிதம்பரத்துக்காரர்கள் ஒருமுறை ஆப்பிளோடு வந்தார்கள், அதோடு சரி. அவர்கள் விசுவாசம் அந்த மட்டும்தான்.

இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அருள் என் பக்கத்தில் உட்காருகிறான். ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. நான் ஆட்டத்தைச் சொல்வேன், அவன் கேட்பான்.

"சின்னையன் பந்த விட்டுட்டான்டா."

"அதுக்குக் கண்ணு வேற வேணுமா மாமா?"

இருவரும் சிரிப்போம். நாங்கள் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். சந்தோஷமாக இருக்கிறோம்.

போன ஞாயிறு நான் கோடு போடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். கோலுக்கு வந்ததும் குனிந்து, பொடியை எடுத்து விரலில் தேய்த்தபடி நின்றான். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அன்னைக்கு வார்ம்-அப்ல சின்னையன் சைடு கோட்டுல உருண்டு எழுந்தான், வேர்வையோட. அவனுக்கு ஒண்ணும் ஆவல. கோல் நடுவுல மட்டும் ஏன் மாமா ஆறாமப் போச்சு?"