நாகு அவிழ்க்கப் போனவர்

குத்துகிறது.

தூரத்தில் ஷெல் புறப்படும் சத்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். குத்தியதும் எண்ண வேண்டும். பதினொன்று வரை ஓடலாம். பன்னிரண்டில் விழும்.

வன்னி. 2009, மாசி மாதம். வியாழக்கிழமை. காலை ஆறே கால். தேதி தெரியாது. தெரிந்தது போல எழுத மாட்டேன்.

ஓடுகிறோம். நான், என் கணவர் பரமநாதன், பக்கத்துக் காணி ராணி அக்கா. ஒரு சைக்கிள். அதில் அரிசி, தறப்பாள், ஒரு சட்டி. ஒழுங்கை முடியும் இடத்தில் எனக்கு நினைவு வருகிறது. நாகு கட்டையில் கட்டியபடி நிற்கிறது.

நாகு என்றால் இன்னும் கன்று போடாத பசு. எங்களுடையது சிவப்பு. நெற்றியில் வெள்ளை. எங்கள் ஊரில் இடம்பெயரும்போது கதவைப் பூட்டினோமா என்று யாரும் கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்தீர்களா என்றுதான் கேட்டார்கள். அவிழ்த்துவிட்டால் அது தன்பாட்டில் மேய்ந்து பிழைக்கும். கட்டையில் விட்டால் கட்டையிலேயே சாகும். நான் மறந்துவிட்டேன்.

"மாட்டை அவிட்டு விட்டிட்டு வாங்கோ!"

கத்தியது நான். அவர் சைக்கிளை என் கையில் தந்தார். திரும்பி ஓடினார். குத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"படு! விழுந்து படு!"

ராணி அக்கா என் தலையைப் பிடித்து வாய்க்காலுக்குள் அமுக்கினார். ஒன்பது. பத்து. பதினொன்று. பிறகு மண் மழையாக விழுந்தது.

புகைக்குள்ளிருந்து நாகு வந்தது. கழுத்தில் கயிறு இழுபட்டது. எங்களைத் தாண்டி ஓடியது. அவர் வரவில்லை.

பாரிஸுக்கு 2011இல் வந்தேன். மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை. நான்கு பெண்கள். அடுத்த ஆண்டு அகதி விசாரணை. கேட்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மொழிபெயர்ப்பவர் புதுச்சேரிப் பெண். நல்ல பெண். தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எதுக்குத் திரும்பிப் போனாரு மதாம்?"

"நாகு நிண்டது. அவிட்டு விடப் போனவர்."

"நாகமா? பாம்பா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கு வாய் இருந்தது. மாடு என்று சொல்லியிருக்கலாம். மாடு என்றால் அடுத்த கேள்வி வரும். யார் போகச் சொன்னது? அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன். அதனால் சொன்னேன்.

"இல்லை. தண்ணி அள்ளப் போனவர்."

பொய். அவள் அதை அழகான பிரெஞ்சில் சொன்னாள். அவர் தட்டச்சு செய்தார். ராணி அக்கா முகாமிலிருந்து எழுதிய சாட்சிக் கடிதம் அதே கோப்பில் இருந்தது. அதில் மாடு. என் வாயில் தண்ணீர். ஐப்பசியில் மறுப்பு வந்தது. கணவர் இறந்த விதம் நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மேன்முறையீடு சித்திரையில். அதுவரை இருக்க இடம் வேண்டும். அறையில் என் பாய்க்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

ரூ பெர்தொனேயில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்வம் அண்ணை அப்போதுதான் கேட்டார். எபினே-சூர்-செய்னுக்கும் அப்பால், ரயில் ஏறி, பஸ் ஏறிப் போனால் அவருக்கு ஒரு துண்டுக் காணி. ஓட்டு வீடு. ஒன்பது ஆடு, கொஞ்சம் கோழி. முதுகில் ஒப்பரேஷன் செய்திருந்தார். குனிய முடியாது.

"மாரி முடியுமட்டும் பாப்பீரோ தங்கச்சி?"

"ஓம்."

"குளிர் கடும். ஒண்டையும் சாக விடாதையும்."

மாரி என்றால் எனக்கு மழை. அவர் சொன்னது பனியை. அந்த வித்தியாசத்தை உடம்பால் படித்தேன். முதல் வாரமே ஒரு மடைத்தனம் செய்தேன். எங்கள் ஊர் மாட்டுக் கொட்டில் போல ஆட்டுக் கொட்டிலை வாளி வாளியாகக் கழுவிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் தரை கண்ணாடி. ஆடுகள் நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு நின்றன. பக்கத்துப் பண்ணை மதாம் ஒதில் வந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து கொட்டினார். அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். எங்கள் இருவருக்கும் பொதுவாக முப்பது சொல் கூட இல்லை. போதுமாக இருந்தது.

மார்கழி போனது. தை போனது. காலை ஏழு மணிக்குச் சுத்தியலால் வாளியில் பனிக்கட்டியை உடைப்பேன். டக். டக். மூன்றாவது அடியில் தண்ணீர். பனி கடிக்காமல் சேவலின் கொண்டையில் வாஸ்லின் பூசுவேன். அதற்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஆடுகளை வரிசையாகக் கட்டித்தான் வைத்திருந்தேன். அவிழ்த்தால் வைக்கோலுக்குச் சண்டை. கடைசியில் நிற்பவள் புள்ளி. வயிற்றில் குட்டி. சுடுதண்ணீர் காட்டினால் முதலில் என் கையைத்தான் நக்குவாள். அவளுடன் நான் கதைத்தேன். வேறு யாருடன் கதைப்பது?

வியாழக்கிழமைகளில் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாஷப்பலுக்குப் போவேன். கடிதம் பார்க்க. அங்கே ஒருத்தி கேட்டாள், இன்னும் ஆட்டோடைதானா என்று. ஆடு கேள்வி கேட்பதில்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2013, மாசி. ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு ஐம்பது. வாளி என் கையில்.

சத்தம். ஒன்று. காட்டுப் பக்கம். இரண்டு. மூன்று ஒன்றாக.

வாளி விழுகிறது. நான் எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. கை முடிச்சில் இருக்கிறது. இந்த முறை மறக்கவில்லை. முதல் ஆடு. இரண்டாவது. மூன்று. நான்கு. கயிறு விறைத்திருக்கிறது. பல்லால் இழுக்கிறேன். ஒன்பதும் அவிழ்ந்துவிட்டன. கதவைத் திறக்கிறேன். வேலிப் படலையைத் திறக்கிறேன். அவை போக மாட்டேன் என்கின்றன. வெளியே பனி. அவற்றுக்கு அறிவு இருந்தது. நான் தடியால் அடித்தேன். புள்ளியையும் அடித்தேன்.

"ஓடு! ஓடு!"

ஓடின. நான் வேலியோர வாய்க்காலில் விழுந்து படுத்தேன். பன்னிரண்டு வந்தது. ஒன்றும் விழவில்லை.

மதாம் ஒதில் வேலியால் ஓடி வருகிறார்.

"மதாம்! சாஸ்! சாஸ்!"

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. எழும்பு என்றா, படு என்றா? அவர் என்னைத் தோளில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மரங்களுக்கிடையே செம்மஞ்சள் சட்டைகள். நாய்கள். பன்றி வேட்டை. சாஸ் என்றால் வேட்டை. அவ்வளவுதான்.

தவிட்டு வாளியைக் குலுக்கிக் குலுக்கித் தேடினோம். ஏழு திரும்பி வந்தன. எட்டாவது பஸ் தரிப்பில் நின்றது. புள்ளியைக் குளத்தில் கண்டோம். மேலே பனித்தட்டு. நடுவில் உடைந்திருந்தது. நாய்களுக்குப் பயந்து அதில் ஏறியிருக்க வேண்டும். மதாம் ஒதில் நீளத் தடியால் இழுத்தார். கழுத்தில் கயிறு இருந்தது. நான் அவிழ்த்த கயிறு.

மதியம் செல்வம் அண்ணை வந்தார். கையில் ஊன்றுகோல். குளக்கரையில் நின்று பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது.

"ஏன் அவிட்டனீர்?"

அப்போதுதான் சொன்னேன். முதல் தடவை. நாகு. கட்டை. நான் கத்தியது. அவர் திரும்பியது. விசாரணையில் சொன்ன தண்ணீர்ப் பொய். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அழுகை பிறகுதான் வந்தது. அண்ணை ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார்.

"தண்ணிக் கதையை விடும் தங்கச்சி. இதை அங்கை சொல்லும்."

"ஒரு மாட்டுக்காக எண்டு கேட்பினம் அண்ணை."

"இந்த ஆட்டையும் சொல்லும்."

பங்குனியிலும் பனி பெய்தது. எட்டு ஆடுகளையும் மாரி கடத்தினேன். சித்திரையில் விசாரணை மன்றம். வேறு மொழிபெயர்ப்பாளர். நாகு என்று சொல்லவில்லை. கன்று போடாத மாடு என்றேன். மூன்று பேர் மேசைக்குப் பின்னால். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் தண்ணீர் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"போகச் சொன்னது நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

ஷெல் விழும்போது ஒரு மாட்டுக்காக யார் திரும்பிப் போவார்கள் என்று கேட்டார். நான் மாசி ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். வாளி. முடிச்சு. ஒன்பது ஆடு. குளம்.

ஆனியில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். லாஷப்பலில் வைத்துத்தான் கடிதத்தைப் பிரித்தேன். செல்வம் அண்ணை கடையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். என் பங்கைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

முதல் வாக்குமூலம் இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது. தண்ணீர் அள்ளப் போனார் என்று. வாசிக்கிற எவரும் அதை நம்ப வேண்டாம். கணக்கு இதுதான்.

வன்னியில்: வீடு ஒன்று. கிணறு ஒன்று. கோழி ஆறு. கல்யாணப் படம் ஒன்று. என் கணவர் பரமநாதன், முப்பத்தாறு வயது. புதைக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

பிரான்சில்: புள்ளி. அவள் வயிற்றில் இரண்டு குட்டி.

நாகை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது எங்களைத் தாண்டி ஓடியபோது கயிற்றின் நுனியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து, நின்று, முடிச்சை அவிழ்த்திருக்கிறார்.