பத்துக் கல்லுக்கால்

— நம்ம சிம்ரன் நேத்து மத்தியானம் தீச்சட்டிக் கூட்டத்துல கை நழுவுனவ, மாமா. ஒரு ராவே ஓடிப்போச்சு. இன்னும் ஒரு போன் வரல. உங்க செல்லு வேலை செய்யுதா இல்லையா? மறுபடி பாருங்க.

— செய்யுது நாகஜோதி. சார்ஜும் இருக்கு.

— பெறகு எப்படி? வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த இம்புட்டுச் சனத்துல ஒருத்தருகூடவா “பாப்பா, நீ ஆரு மக”ன்னு கேட்டிருக்க மாட்டாக? கேட்டா ஒடனே நம்பரச் சொல்லிருவாளே. பூசாரி நச்சத்திரம் கேட்டதுக்கே நம்பரச் சொன்னவ.

— மைக்குல சொல்லிக்கிட்டுத்தான இருக்காக. இந்தப் போலீஸ் கொட்டகைக்குத்தான் கூட்டியாருவாக. நீ செத்த கண்ணசரு புள்ள.

— இருபது வயசுப் பொண்ண விட்டுட்டுக் கண்ணசரவா? ஏட்டு கேட்டாரு, “பொண்ணுக்குச் சொந்தமா என்ன தெரியும்”னு. “ஊர் தெரியாது, தெரு தெரியாது, ஆனா எங்க வீட்டுக்காரர் நம்பர் தெரியும் சார்”னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

— ம்.

— மதுரை டாக்டரம்மா சொன்னாகல்ல? “இது மரபணுவுலயே வந்த கோளாறும்மா. மத்தவுகளுக்குப் பத்துத் தடவை சொல்லிக்குடுக்கணும்னா சிம்ரனுக்குப் பத்தாயிரம் தடவை. ஏறிருச்சுன்னா எறங்காது, மாத்தவும் முடியாது”ன்னாக. அதுக்குத்தான நம்ம திராட்சைப் பந்தல்ல பத்துக் கல்லுக்கால்லயும் சுண்ணாம்புல ஒவ்வொரு எண்ணா எழுதி, தொட்டுத் தொட்டுச் சொல்ல வச்சேன். நாலு வருசம் மாமா. ஏழாவது கால்லயே எட்டு மாசம் நின்னா. பத்தாவது காலத் தொட்ட அன்னைக்கு நீங்கதான் அழுதீக.

— போதும் புள்ள.

— ஏன் போதும்? அவ படிச்ச படிப்பு அது ஒண்ணுதான்.

— அந்த நம்பர் இப்ப என்கிட்ட இல்ல.

— என்ன சொல்றீக?

— தோட்டத்துல டவர் எடுக்கலன்னு போன வருசம் வேற சிம்மு வாங்கினேன். பழசுக்கு ரீசார்ஜ் போடல, செத்துப்போச்சு. உன் செல்லுல “மாமா”ங்கிற பேர்ல நானே புது நம்பர ஏத்தி விட்டேன்.

— நான் தெனமும் உங்களுக்குப் பேசுறேனே…

— நமக்கெல்லாம் பேரத் தொட்டாப் போதும். நம்பர் வேணுங்கிறது அவ ஒருத்திக்குத்தான்.

— காலையில காலையில பந்தலுக்குள்ள அவ சத்தமாச் சொல்றது உங்க காதுல விழுகலயா?

— விழுந்துச்சு. மறுபடி நாலு வருசம் நீ கெடந்து பாடுபடணுமேன்னு சொல்லாம விட்டுட்டேன். இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு… நேத்துலருந்து வாய் வரமாட்டேங்குது.

— அந்த நம்பருக்கு அடிங்க.

— செத்த நம்பர்டி அது.

— நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. மொதக் காலு ஒம்பது… ஆங், அமுக்கியாச்சா? மணி அடிக்குது! ஸ்பீக்கர்ல போடுங்க!

— ஹலோ, ஆருங்க?

— அம்மா, நான் வீரபாண்டியிலருந்து பேசுறேன். எம் மக காணாமப் போயிட்டா. இந்த நம்பருக்கு ஆரும் பேசுனாகளா?

— ஐயோ ஆண்டவரே, நீங்கதான் அம்மாவா? நான் போடியில ஜவுளிக்கடை வச்சிருக்கேங்க, ஜெபஷீலா. இந்த சிம்மு வாங்கி ரெண்டு மாசந்தான் ஆகுது. நேத்து நாலு பேரு வேற வேற போன்லருந்து கூப்பிட்டு, “உங்க பொண்ணு இங்கன நிக்குது”ன்னாக. எம் பொண்ணு எங்கூடக் கடையில நிக்குது. ஏமாத்துக்காரகன்னு நெனச்சுக் கட் பண்ணிட்டேன்.

— நாலு பேருகிட்டயா? மாமா, நாலு தடவையும் பத்தெண்ணும் பிசகாமச் சொல்லிருக்கா!

— கடைசியா ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரருங்க. அவரு அந்தப் பிள்ளைகிட்டயே போனக் குடுத்துட்டாரு. “அம்மா”ன்னுச்சு. அந்தக் கொரலு என்னைத் தூங்க விடலைங்க. காலையில நானே அவரத் திருப்பிக் கூப்பிட்டேன்.

— அங்கனதான் இருக்காளா? மாமா, வண்டிய எடுங்க!

— இல்லைங்க. அவரு தண்ணி வாங்கப் போன நேரத்துல மதுரை பஸ்ல ஏறிப் போயிருச்சாம்.

— போகட்டும்மா. மதுரையிலயும் மனுசருதான இருக்காக, கேப்பாக. நம்பரச் சொல்லுவா. இனி வர்ற போன மட்டும் கட் பண்ணிராதீக தாயி, உங்க கால்ல விழுறேன்.

— சொல்லாதுங்க. பழக்கடைக்காரரு பெறகு எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தாராம், ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிருச்சாம். நான்தாங்க கோவத்துல, “இனிமே இந்த நம்பர ஆருகிட்டயும் சொல்லாத”ன்னு அதட்டிட்டேன். “சரிம்மா”ன்னுச்சு.