மூன்று நாள் ரிப்பேர்

அக்கா: மெதுவாடா! மூடியை உடைச்சிடாத.

தம்பி: நான் எங்க உடைச்சேன்? ரெண்டு வருஷமா அலமாரி மேல கிடந்த சர்வர் பெட்டி, ஸ்க்ரூ எல்லாம் இறுகிப் போயிருக்கும்னு நெனச்சேன். தொட்டதுமே கழண்டு வருது.

அக்கா: உன் கைராசி.

தம்பி: ம்ம்... கைராசி. இப்ப என்ன திடீர்னு இதுக்கு உயிர் குடுக்கணும்னு?

அக்கா: ஏன் கேக்க மாட்ட? இந்த ஆபீஸ்ல அஞ்சு பேர், அஞ்சு லேப்டாப். ஒரே வீட்டு பிளான் அஞ்சு இடத்துல கிடக்கு. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'... போன மாசம் மேஸ்திரி பழைய பிளானைத் தூக்கிட்டுப் போய்...

தம்பி: போய்?

அக்கா: பாத்ரூம் கதவை சமையல்கட்டுக்குள்ள வெச்சுட்டாரு.

தம்பி: ஐயையோ!

அக்கா: சிரிக்காதடா! அந்த வீட்டுக்காரர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. இந்தப் பெட்டி ஓடினா பிளான் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கும், அஞ்சு லேப்டாப்புக்கும் பொதுவா ஒரே இடம், ஒரே பிளான். நீ இருந்த வரைக்கும் ஓடுச்சு. 'இந்தக் குட்டி ஆபீஸ்ல என்ன இருக்கு'ன்னு கேட்டுட்டு பெரிய கம்பெனிக்குப் போன பாரு, அன்னிக்கு நின்னது.

தம்பி: அதை இன்னும் மறக்கலியா நீ?

அக்கா: சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். வேலையைப் பாரு.

தம்பி: அக்கா... இந்த மூடி மேல இருக்கிற தூசி...

அக்கா: ஏன், தூசிக்கு என்ன?

தம்பி: சல்லடை வெச்சுத் தூவின மாதிரி ஒரே சீரா இருக்கு. மணக்குது வேற.

அக்கா: சுத்தமான ஆபீஸ். தூசியும் சுத்தமாத்தான் இருக்கும்.

தம்பி: உள்ள ஃபேன்ல ஒரு பொட்டுத் தூசி இல்ல. பட்டன் பேட்டரிகூட புதுசா மின்னுது.

அக்கா: பெரிய சி.ஐ.டி.! அது கிடக்கட்டும். லீவு போட்டுட்டு வந்தேன்னியே, அப்புறம் எதுக்கு இஸ்திரி சட்டை? எதுக்கு சாப்பாட்டுப் பை?

தம்பி: அது... பழக்கதோஷம்.

அக்கா: ம்ம்.

தம்பி: இங்க பாரு, ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு சரியா உட்காரல. யாரோ பாதி இழுத்து விட்ட மாதிரி நிக்குது.

அக்கா: பூனை தள்ளி விட்டிருக்கும்.

தம்பி: இங்க பூனை ஏது?

அக்கா: முன்னாடி இருந்துச்சு... நீ அழுத்துடா!

தம்பி: அழுத்தியாச்சு. சுவிட்சைப் போடு.

அக்கா: விளக்கு எரியுது! நீல விளக்கு! அவ்வளவுதானா?

தம்பி: இரு, லேப்டாப்ல பார்க்குறேன்... ம்ம்.

அக்கா: என்ன ம்ம்?

தம்பி: அது... இனிமேதான் வேலையே இருக்கு. டிஸ்க்கை முழுசா சோதிக்கணும். பழைய பிளான் எல்லாம் பிரிச்சு வைக்கணும். மூணு நாள் ஆகும்.

அக்கா: மூணு நாளா! அவ்வளவு லீவு இருக்கா உனக்கு?

தம்பி: லீவுக்கு என்ன பஞ்சம்...

அக்கா: அப்போ தினமும் ஒம்போது மணிக்கு வந்துடுவியா?

தம்பி: எட்டரைக்கே வர்றேன்.

அக்கா: இஸ்திரி சட்டையோட?

தம்பி: அக்கா...

அக்கா: சரி சரி, கேக்கல.

தம்பி: நான் கேக்குறேன். இங்க வந்து பாரு. எப்ப ஆன் பண்ணாங்க, எப்ப ஆஃப் பண்ணாங்க... பெட்டி எல்லாத்தையும் தானே எழுதி வெச்சுக்கும்.

அக்கா: ஐயோ... எழுதி வேற வெச்சுக்குமா?

தம்பி: போன புதன்கிழமை காலைல பத்து மணிக்கு ஆன். பதினொண்ணுக்கு அஞ்சு பேருக்கும் பாஸ்வேர்டு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஜம்முனு ஓடியிருக்கு. நாலு அஞ்சுக்கு ஆஃப். யாரு பார்த்த வேலை?

அக்கா: நான்தான். நீ பெட்டிக்கு அடியில சீட்டு ஒட்டி வெச்சிருந்தியே... 'பாஸ்வேர்டு மறந்தா பின்னாடி ஓட்டைக்குள்ள ஊசியை விட்டு நாலு விநாடி அழுத்தவும்'னு. அதைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி நானே ஓட வெச்சேன்.

தம்பி: ஓடுற பெட்டியை நிறுத்திட்டு, அதுக்குப் பவுடர் வேற பூசிட்டு, என்னை எதுக்குக் கூப்பிட்ட?

அக்கா: மொதல்ல நீ சொல்லு. ஓடுற பெட்டின்னு தெரிஞ்சும் மூணு நாள் ஆகும்னு எதுக்குச் சொன்ன? சொல்லுடா.

தம்பி: எனக்கு வேலை போச்சுக்கா. இருபது நாளாச்சு. தினமும் ஆபீஸ் போற மாதிரி கிளம்பி, பார்க் பெஞ்சுல உட்கார்ந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். இங்க இருந்தா... ஒரு மூணு நாளாவது நிழல்ல இருக்கலாம்னு பார்த்தேன். என் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு வெக்கமா இருக்கு. நீயும் சொல்லிடாதக்கா, என் மேல சத்தியம்!

அக்கா: அடப் பைத்தியக்காரா, புதன்கிழமை நாலு மணிக்கு எனக்கு போன் பண்ணதே அவதான்டா. 'அண்ணி, அவரு பார்க்ல தனியா உட்கார்ந்து சாப்பிடுறாரு. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. உங்க ஆபீஸ்ல ஏதாவது ரிப்பேர் இருந்தா கூப்பிடுங்களேன்'னு ஒரே அழுகை. எங்கிட்ட ரிப்பேர்னு எதுவும் இல்ல... அதான் டிஸ்க்கை இழுத்து விட்டேன்.