பின்கழுத்துக்கு ஒரு கை

காலையில் எழுந்ததும் முதலில் ஒரு துண்டு மெழுகை உள்ளங்கையில் வைத்து உருட்டுவேன். இளகியதும் புருவத்தின் மேல் அழுத்தித் தேய்த்துப் புருவமே இல்லாமல் செய்வேன். பிறகு முகத்துக்கு வெள்ளை, பிறகு தொண்டைக்கு. மழித்த முன்நெற்றியின் மேல் ஊதாப் பட்டுத்துணி. வீட்டுப்படி இறங்கும்போதே நான் பெண்ணாக இருக்க வேண்டும். அரங்குக்குப் போய்ப் பெண்ணாகிறவன் இரண்டாம் தரம். எல்லாவற்றையும் ஒருவரே செய்துகொள்ளலாம், பின்கழுத்தைத் தவிர. அதற்கு இன்னொரு கை வேண்டும். மூன்று வருடம் அது உங்கள் தங்கை கினுவின் கை. இப்போது உடை மாற்றிவிடும் கிஹெய் பூசுகிறான். ஓரம் கொஞ்சம் கோணலாக வருகிறது. யாரும் கவனிப்பதில்லை.

உட்காருங்கள், மைத்துனரே. தேநீர் ஆறுகிறது.

நேற்று ஆட்டம் முடிந்ததும் நீங்கள் கேட்டீர்கள். மேடையில் சாயக்காரன் மனைவி பிரசவத்தில் சாகிறாளே, அவள் கடைசியாகப் பேசும் வசனம் கினு பேசியதா என்று. சொல்கிறேன். முன்பின் இல்லாமல் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வேடம் கட்டுகிறவனுக்கு மனைவி இருக்கலாம். இருப்பது தெரியக் கூடாது. யாராவது வேடிக்கையாக, வீட்டில் சௌக்கியமா என்று கேட்டால்கூட அவன் கன்னம் சிவக்க வேண்டும். ஒசாக்காவின் வியாபாரிகள் எனக்குப் பட்டு அனுப்புவது ஒரு பெண்ணுக்கு அனுப்புவதாக நினைத்துத்தான். கல்யாணத்துக்கு முன்பே கினுவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்போ நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, சக்களத்தியா?" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னறையில் இருந்தாள். கொடியில் இரண்டு பெண்களின் உடைகள் காய்ந்தன. என் உடைகளும் பெண் உடைகள்தான் என்பதால் சந்தில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குளிக்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குளியல் கூடத்துக்குப் போய்வருவாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அதையும் நிறுத்தினோம். நிறுத்தினோம் என்றால், நான் சொன்னேன், அவள் போகவில்லை.

பதினோராம் மாதத்து ஆட்டம் எங்களுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடத்து நடிகர்களை ஊருக்குக் காட்டும் ஆட்டம். இந்த முறை பெண் வேடக்காரர்களில் என் பெயரைப் பலகையில் முதலாவதாக எழுதுவதாக அரங்க முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இருபத்தாறு வயது. சாயக்காரன் மனைவி வேடம் என்னுடையது. அந்தப் பிரசவக் காட்சியை நம்பித்தான் அவர் பலகைக்குச் சொல்லியிருந்தார். எனக்கு அது சரியாக வரவில்லை. அழகாக இருக்கிறது, வலிக்கவில்லை என்றார்.

ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால், ஒத்திகை இல்லாத ஒரு காலையில், கினுவுக்கு வலி எடுத்தது. கிஹெய் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஒரோகு அம்மாவக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றான். ஒரோகு எதிர்வீட்டு மருத்துவச்சி. சந்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் அரங்கின் வாசலுக்கு வந்துவிடும். நான் கிஹெயைத் தடுத்து, பொய்முடி வாங்கிவரச் சொல்லி டோப்பாக்காரரிடம் அனுப்பினேன். தலைப்பிள்ளை தாமதமாகும் என்று எல்லாரும் சொல்வதுண்டு.

நான் பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். உச்சிப்பொழுதுக்கு மேல் அவள் கத்தத் தொடங்கினாள். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கதவு தட்டப்பட்டதும் கினு அரைக்கச்சின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. மூன்று வருடப் பழக்கம்.

கதவை ஒரு சாண் திறந்தேன். ஒரோகு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி சென்யா, என்னடி கூத்து இது? கொதிக்கிற ஒலைய அப்படியே விட்டுட்டு ஓடி வர்றேன்."

"ஒத்திகை, அக்கா" என்றேன்.

"அடிப்பாவி. பிரசவமா? சொல்றேனேன்னு கோவிச்சுக்காத. சத்தம் நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு."

"எங்க தப்பு?"

"வலின்னா வரணும், போகணும்டி. நடுவுல மூச்சு விடுவா, தண்ணி கேப்பா, புருஷன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவா. நீ விடாம ஒரே இழுப்பா இழுக்கற. அப்படிக் கத்தினா புள்ள குறுக்க கெடக்குன்னு அர்த்தம். கைய விட்டுத் திருப்பணும். ஒங்க கதைல மருத்துவச்சி வர்றாளா?"

"இல்லக்கா."

"அப்போ பொழுது சாயறதுக்குள்ள தாயும் போயிடும், புள்ளயும் போயிடும்."

"கதையும் அப்படித்தான் போகுது."

"அப்ப நீ பண்றது சரிதான் போ. ஆம்பளையாப் பொறந்துட்டு எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். நான் வெட்கப்பட்டேன். அது தானாக வந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளே போனேன். கினு பேசினது அப்போதுதான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்தவை சொற்கள் அல்ல.

ஒரோகு சொன்னது தப்பவில்லை. தொழில் தெரிந்தவள்.

நான் வேண்டுமென்றே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். காது இருந்தால் கேட்கத்தான் கேட்கும். எந்த இடத்தில் குரல் உடைகிறது, எந்த இடத்தில் அது வெறும் காற்றாகிறது என்பதெல்லாம் என்னைக் கேட்காமலே உள்ளே தங்கிவிட்டது. நேற்று உங்களுக்கு முன்வரிசையில் அரிசி வியாபாரி ஒருவர் எழுந்து நின்று அழுதாரே, அந்த இடம். முதலாளிக்கும் இப்போது குறையில்லை. ஒரோகு தினமும் ஆட்டம் பார்க்க வருகிறாள். பக்கத்தில் உட்காருகிறவர்களிடம், "நான் சொல்லிக் குடுத்தது" என்கிறாளாம். மறுப்பதற்கில்லை.

மறுநாள் விடியலில் கினுவை உடைப்பெட்டியில் வைத்து, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் கோயிலுக்குக் கிஹெயும் நானும் கொண்டுபோனோம். யார் என்று பிக்கு கேட்டார். எங்கள் வீட்டு வேலைக்காரி என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மணியை எடுத்தார். ஒரு சொல்லில் காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அஸ்தியோடு உங்கள் ஊருக்கு வந்த கிஹெயிடம், கடைசிவரை நிம்மதியாகத்தான் இருந்தாள் என்று சொல்லச் சொன்னது நான்தான். அது பொய்யில்லை. அவளுக்கு என்மேல் குறையே கிடையாது.

வசனத்துக்கு வருகிறேன். மேடையில் அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் பெயர் நிலைக்கட்டும், எனக்கு அது போதும்" என்கிறாள். நாடக ஆசிரியருக்கு அந்த வரியைக் கொடுத்தது நான். கருத்து கினுவுடையது. அவள் சொன்ன சொற்கள் காட்சிக்குப் பொருந்தவில்லை, கொஞ்சம் நீளமும்கூட. அதனால் திருத்தினேன். ஆனால் பொருள் ஒன்றுதான். என் பெயரைக் காப்பாற்றச் சொன்னாள், நான் காப்பாற்றினேன். நீங்களே கேட்டுப் பாருங்கள். நான் உள்ளே போனதும் வாயிலிருந்த துணியை எடுத்தாள். சந்தில் யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள்:

"ஒரோகு அக்காவ உள்ள கூப்பிடுங்க. நான் இங்க வேலைக்காரின்னு சொல்லிக்கறேன். கொழந்த யாருதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்."