விலகிச் செல்லும் சுருள்

— பதினாறு கோடி ஒளியாண்டுன்னா, மேடம், சிம்பிளா சொல்லுங்க, பக்கமா தூரமா?

— தூரம்தான் சார். இன்னைக்கு நாம பார்க்கிற வெளிச்சம் அங்கேருந்து கிளம்பிப் பதினாறு கோடி வருஷம் ஆச்சு.

— அப்ப பழைய படமா? பன்னெண்டு மணிக்கு அமைச்சர் வந்து திறக்கப் போற பேனர்ல பழைய படத்தையா போட்டிருக்கோம்?

— இதைவிடப் புதுசா யாராலயும் எடுக்க முடியாது. மூணு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அந்த ஒரு விண்மீன் திரளைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ரெண்டு கை, சுருண்டு சுருண்டு போகும். கையில இளம் நட்சத்திரங்க, அதனால நீலம். நடுவுல வயசான நட்சத்திரங்க, அதனால மஞ்சள்.

— எந்தப் பக்கம் சுத்துது? சிம்பிளா, வலதா இடதா? அமைச்சர் கட்சிக்கு ஆகாத பக்கம்னா படத்தைத் திருப்பி மாட்டிடலாம்.

— நான் நேத்து அனுப்பின குறிப்புலயே இதெல்லாம் இருந்துச்சே. படிக்கலையா சார்?

— படிக்காம? செய்தித் தொடர்பு அதிகாரின்னு கதவுல எழுதி வெச்சுக்கிட்டு ஈயா ஓட்டறேன்? நாலு பக்கத்தை மூணு வரியாக்கி ரேடியோவுக்கு அனுப்பிட்டேன். கேளுங்க. "சுருள் ஒன்று காணப்பட்டுள்ளது. அது விநாடிக்கு மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகிச் செல்கிறது. பொதுமக்கள் அஞ்ச வேண்டியதில்லை."

— விண்மீன் திரள்ங்கிற வார்த்தையே காணோமே.

— அது ஜனங்க வாயில நுழையாது மேடம்.

— அஞ்ச வேண்டியதில்லைன்னு நான் எழுதவே இல்லையே.

— அது இலாகா வழக்கம். எந்த அறிக்கையா இருந்தாலும் கடைசி வரி அதுதான். சரி, இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. பேனர் வாசல்ல தொங்குது. நாற்பது அடி. எப்படி?

— சார், இது என் படம் இல்லை.

— சுருளா இருக்கே மேடம். நீங்க சொன்ன நீலம்கூடச் சுத்தியும் இருக்கு.

— நடுவுல மஞ்சள் எங்க? ஓட்டைதானே இருக்கு.

— காத்துல கிழியக் கூடாதுன்னு பேனர்ல ஓட்டை போடறது உண்டு.

— துணியில இல்லை சார், படத்துல இருக்கு ஓட்டை. கீழ் ஓரத்தைப் பாருங்க. அது கடற்கரை. அந்த மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிறது நம்ம துறைமுகம். இது மேலேருந்து எடுத்த புயல் படம்.

— புயலா?

— வானிலைப் பிரிவு உங்களுக்கு ஏதாவது அனுப்பினாங்களா?

— நேத்து சாயங்காலம் ஒரு உறை வந்துச்சு. உங்க உறையும் அப்பத்தான் வந்துச்சு. ரெண்டுலயும் சுருள். ரெண்டுலயும் பக்கம் பக்கமா எண்ணு. ஒண்ணு பேனருக்கு, ஒண்ணு ரேடியோவுக்குன்னு நான்தான் பிரிச்சேன்.

— அப்ப புயல் எச்சரிக்கைக்குப் பதிலா ரேடியோவுக்குப் போனது எது?

— அந்த மூணு வரிதான் மேடம்.

— போனை எடுங்க சார். இன்னும் வாசிக்கலைன்னா நிறுத்திடலாம்.

— காலைல ஆறு மணிக்கே வாசிச்சுட்டாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் என் மச்சான் படகை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போனான்.